இடது கீழ் மூலை

வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். வயது முப்பத்தாறு. முன்நெற்றியில் நாலைந்து நரைகூட எட்டிப் பார்க்கிறது. இந்த வயதில் என்ன பாப்பா வேண்டிக்கிடக்கிறது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. வேலை செய்கிற இடத்தில் அவளுக்கு வேறு பெயர். ஜட்ஜம்மா. நாமும் அப்படியே கூப்பிடுவோம், மரியாதையாகவாவது இருக்கும்.

ஆஸ்பத்திரிகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. பன்னிரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் பாதிதான் காதில் விழும். வெளுத்துக் காய்ந்த படுக்கை விரிப்புகள் ஜட்ஜம்மாவின் மேஜைக்கு வரும். அவள் ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே இழுத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சுத்தமாக இருந்தால் நாலாக மடித்து வலப் பக்கம் வைப்பாள். கறையோ கிழிசலோ இருந்தால் ஓரத்தில் ஒரு சிவப்பு க்ளிப்பைக் கவ்வவிட்டு இடப் பக்கம் தள்ளுவாள். சிவப்பு க்ளிப் போட்ட துணி வெளியே போகாது. திரும்ப உள்ளேதான் போக வேண்டும்.

ஒரு தடவை முதலாளி அவசரத்தில் ஒரு க்ளிப்பைக் கழற்றிவிட்டு அந்த விரிப்பை ஒரு விடுதிக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலமே அது முகத்தில் அடித்த மாதிரி திரும்பி வந்தது, நடுவில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு பழுப்புக் கறையோடு. அன்றைக்கு வைத்த பெயர்தான் ஜட்ஜம்மா. அன்றிலிருந்து அவள் போட்ட க்ளிப்பை முதலாளியும் தொடுவதில்லை.

பிறந்ததிலிருந்தே நாக்கு அவள் சொன்னபடி கேட்டதில்லை. கழுத்தும் அப்படித்தான், தலை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் பாதிப்பேர். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் மீதிப்பேர். மடிக்கிறதும் க்ளிப் போடுகிறதும் பழகிப் பழகிக் கைகளுக்குத் தானாக வரும்; மனதில் இருப்பதைச் சொல்ல உருப்படியாக அவள் பேச்சைக் கேட்டது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அதுவும் ஆற அமரத்தான் கேட்கும். புறப்பட்டு ஓர் இடத்துக்குப் போய்ச் சேர ஆறு ஏழு வினாடி ஆகும்.

அந்த ஒற்றை விரலை நம்பித்தான் அவள் அப்பா ஒரு வேலை செய்தார். அவர் தையல்காரர். ஒரு அட்டையில் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் நாற்பத்தெட்டுக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு சொல்லும் ஒரு படமும் வைத்தார். அவளுக்கு அப்போது ஆறு வயது. அதற்குப் பலகை என்று பெயர். எந்தச் சொல் எங்கே என்று அவர் நாள்கணக்கில் யோசித்தார். அவள் கை சும்மா இருக்கும்போது மடியில் இடது பக்கம் சாய்ந்து கிடக்கும். அதனால் இடது கீழ் மூலையில் "வேண்டாம்" என்று எழுதினார். "மத்ததெல்லாம் மெதுவா தேடி எடுத்துக்கட்டும். வேண்டாம்ங்கறது மட்டும் கைக்குப் பக்கத்துல இருக்கணும்" என்றார்.

பிறகு காலம் மாறி, அட்டை போய், தொட்டால் பேசும் டேப்லெட் வந்தது. கழுத்தில் பட்டை போட்டு மாரோடு தொங்கும். விமான நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற பெண்ணின் குரல் அதற்குள் இருந்தது. ஆனால் கட்டங்கள் அப்பா வைத்த இடத்தில்தான் இருந்தன, பெயரும் பலகைதான். முப்பது வருஷமாக அவள் விரல் கட்டத்தைத் தேடியதே இல்லை. நமக்கு இருட்டில் சுவிட்சைத் தேடாமல் கை போகிறதே, அந்த மாதிரி.

அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. அம்மா அதற்கு முன்பே. இப்போது வீட்டில் அண்ணனும் அண்ணியும் அவளும். அண்ணன் ஒன்றும் ராட்சசன் இல்லை. அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறவன் அவன்தான், காய்ச்சல் வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் கூட இருந்தவனும் அவன்தான். ஆனால் அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. அங்கே பார்த்திருக்கும் வீட்டில் இரண்டே அறை. அண்ணன் மென்று விழுங்கி ஒரு நாள் விஷயத்தைச் சொன்னான். "ஒரு இல்லம் இருக்கு பாப்பா. உன்ன மாதிரி இருக்கறவங்களுக்குன்னே. தோட்டமெல்லாம் இருக்கு. போய்ப் பாத்துட்டு வரலாம்."

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார்கள். மூன்று மணி நேரப் பயணம். தோட்டம் இருந்தது, பொய் இல்லை. நடத்துகிற அம்மாள் சிரித்த முகமாக எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினாள். ஆபீஸ் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி, பெரிய பூட்டு. உள்ளே வரிசையாகப் பலகைகள், படப் புத்தகங்கள், பட்டை சுற்றி வைத்த டேப்லெட்டுகள்.

"எல்லார் பேசற சாமானும் இங்க பத்திரமா இருக்கும். அவங்க கையில குடுத்தா கீழ போட்டு உடைச்சிடறாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு எடுத்துக் குடுப்போம். மத்த நேரம் அவங்களுக்கு என்ன தேவைன்னு எங்களுக்கே தெரியும்" என்றாள் அந்த அம்மாள்.

ஜட்ஜம்மா கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் அடுத்துப் படுக்கை அறைக்குள் கூட்டிப்போனாள். பதினாறு கட்டில்கள், பதினாறு விரிப்புகள், எல்லாம் வெள்ளை வெளேரென்று. அண்ணன் "எவ்வளவு சுத்தம் பாரு" என்றான். அவள் விரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்க ஓரங்களிலும், படுத்தால் மணிக்கட்டு வருகிற இடத்தில், நூல் தேய்ந்து பஞ்சு கிளம்பியிருந்தது. அடுத்த கட்டிலிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும். ஒரு சாண் அகலத்தில், எல்லாவற்றிலும் ஒரே அளவில். ஆஸ்பத்திரித் துணியில் அவள் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கட்டில் சட்டத்தோடு துணிப்பட்டையால் கையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினால்தான் அப்படித் தேயும். அங்கே ஆஸ்பத்திரியில் ஆயிரத்தில் ஒன்று வரும். இங்கே பதினாறுக்குப் பதினாறு.

அவள் அங்கேயே விரலை இடது கீழ் மூலைக்குக் கொண்டுபோனாள். "வேண்டாம்" என்றது பலகை. இன்னொரு தடவை. "வேண்டாம்." அந்த அம்மாள் சிரித்த முகம் மாறாமல் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான்.

மறுநாள் சாயங்காலம் அவள் குளித்துவிட்டு வந்தபோது அண்ணன் சோபாவில் பலகையோடு உட்கார்ந்திருந்தான். முதுகு இவள் பக்கம். இடது கீழ் மூலையைத் தட்டினான். "சரி" என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினான். "சரி." தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான். திரும்பி அவளைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போய்விட்டது.

"பழசு ரொம்பக் குழப்பமா இருந்துச்சு பாப்பா. உனக்கு ஈஸியா இருக்கட்டும்னு புதுசா போட்டிருக்கேன். ரெண்டு நாள்ல பழகிடும்."

நாற்பத்தெட்டுக் கட்டம் பன்னிரண்டாகியிருந்தது. பெரிது பெரிதாக, கலர் கலராக, குழந்தைகள் சாமான் மாதிரி. சாப்பாடு, தண்ணீர், தூக்கம், டிவி, நன்றி, சந்தோஷம். கோபம் இல்லை. வலி இல்லை. "ஏன்" என்கிற சொல்லும் இல்லை.

"வேண்டாம் எங்கயும் போகல. ரெண்டாவது பக்கத்துல இருக்கு. மேல இந்த அம்புக்குறியத் தட்டு, பக்கம் மாறும், அப்புறம் நடு வரிசையில மூணாவது" என்றான் அண்ணன். விலாவாரியாகத்தான் விளக்கினான். இரண்டாவது பக்கம் ஐந்து வினாடிதான் நிற்கும், பிறகு தானாக முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் விரலுக்கு ஆறு ஏழு வினாடி ஆகும் என்பது அவனுக்குத் தெரியாதா? கூடப் பிறந்தவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை சம்மதம் கேட்க அரசாங்க அதிகாரி வரப்போகிறார் என்று அண்ணி போனில் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. இப்படி ஒருவரை இல்லத்தில் சேர்க்க வேண்டுமென்றால் அவர் சம்மதிக்க வேண்டும், அதுவும் தன் வழக்கமான முறையில் தானே சொல்ல வேண்டும், வேறு யாரும் அவருக்காகப் பேசக் கூடாது. அதுதான் விதி. நல்ல விதிதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனதும் ஜட்ஜம்மா இஸ்திரிக்காவைத் தேடினாள். இஸ்திரி போடும் அக்கா என்பதை எல்லோரும் சேர்த்து முழுங்கி இஸ்திரிக்கா ஆக்கிவிட்டார்கள். ஆகிருதியான மனுஷி, வாய் ஓயாது. எட்டு வருஷமாக இருவர் மேஜையும் எதிரெதிரே. மெஷின் இரைச்சலில் பலகையின் குரல் கேட்காது என்பதால் இஸ்திரிக்கா முதல் மாதத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். விரல் எந்த இடத்துக்குப் போகிறது என்று மட்டும் பார்ப்பாள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் எட்டிப் பார்த்ததே இல்லை, எழுதப் படிக்கவும் அவளுக்கு அவ்வளவாக வராது. நாற்பத்தெட்டு இடமும் அவளுக்கு மனப்பாடம்.

அதனால் அன்றைக்கும் அங்கே எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. பலகை இரைச்சலுக்கு நடுவே தண்ணீர், டிவி, சந்தோஷம் என்று ஏதேதோ உளறியது. யார் காதிலும் விழவில்லை. ஜட்ஜம்மாவின் விரல் அப்பா வைத்த இடங்களுக்குப் போயிற்று. இஸ்திரிக்கா படித்தாள்.

"அண்ணன்... நான்... போ... வேண்டாம். எங்கடி போகணும்? அண்ணன்கூட வெளியூரா?"

கட்டு என்று ஒரு சொல் நாற்பத்தெட்டில் இல்லை. அப்பாவுக்கு அப்படி ஒரு சொல் தேவைப்படும் என்று தோன்றியிருக்காது. ஜட்ஜம்மா ஆஸ்பத்திரிக் குவியலைக் கிளறினாள். அரை மணி நேரம் தேடி ஒரு விரிப்பை இழுத்து வந்தாள். ஓரத்தில் நூல் தேய்ந்து பஞ்சு கிளம்பிய இடத்தில் தன் மணிக்கட்டை வைத்தாள். பிறகு மறுபக்கம் அடுத்த மணிக்கட்டை வைத்தாள்.

இஸ்திரிக்காவின் வாய் அடைத்துப்போனது. அது அபூர்வமான காட்சி.

"உங்க அண்ணன் வாசல்ல ஏதோ இல்லம், அதிகாரி வர்றாங்கன்னு சொன்னாரே, அந்த இடத்துலயா?" என்றாள் கடைசியில். "இரு. நான் பேசறேன். எவ வர்றான்னு பாக்கறேன்."

அன்றே மதியம் அதிகாரியின் அலுவலகத்துக்கு போன் போட்டாள். நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். கூட வேலை செய்கிறேன் என்றாள். அவருக்காக வேறு யாரும் பேசக் கூடாது அம்மா, அதுதான் அவருக்குப் பாதுகாப்பு என்று பொறுமையாக விளக்கி வைத்துவிட்டார்கள்.

புதன்கிழமை முழுக்க ஜட்ஜம்மா கிடைத்த நேரத்திலெல்லாம் பழகினாள். அம்புக்குறி, நடு வரிசை, மூன்றாவது. அம்புக்குறி, நடு வரிசை, மூன்றாவது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு. நாற்பது தடவையில் மூன்று தடவை பக்கம் திரும்புவதற்குள் போய்ச் சேர்ந்தாள். மற்ற தடவைகளில் விரல் போய் இறங்கும்போது பக்கம் மாறியிருக்கும். முதல் பக்கத்தில் அதே நடு வரிசை மூன்றாவது கட்டத்தில் இருந்தது "சந்தோஷம்". சில தடவை விரல் அம்புக்குறிப் பக்கம் போகவே மறுத்தது. நேரே மூலைக்கு ஓடியது. முப்பது வருஷப் பழக்கம், பெற்ற தகப்பன் பழக்கிவிட்டது, அதை அதட்டி என்ன பிரயோஜனம்?

கதவுக்கு வெளியே அண்ணியின் நிழல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

வியாழக்கிழமை காலை அதிகாரி வந்தாள். ஐம்பது வயதுப் பெண், கனிவான குரல், தோளில் கனமான பை. வந்ததும் ஜட்ஜம்மாவுக்கு எதிரே, அண்ணனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அந்த வீட்டுக்கு வந்தவர்களில் முதலில் அவளிடம் பேசியது இந்த அம்மாள்தான். அதுவே அவளுக்கு அழுகையை மூட்டியது.

"வணக்கம்மா. உங்க அண்ணன் ஊர் மாறிப் போறாங்க. உங்களை ஒரு இல்லத்துல சேர்க்கலாம்னு இருக்காங்க. அங்க போய்த் தங்க உங்களுக்கு விருப்பமா? அவசரமே இல்ல. நிதானமா சொல்லுங்க."

ஜட்ஜம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விரல் புறப்பட்டது. மேலே அம்புக்குறியைத் தொட்டது. பக்கம் மாறியது. அங்கே இருந்தது "வேண்டாம்", சிவப்புக் கட்டத்தில், கண்ணுக்கு நேராக. விரல் கீழே இறங்கத் தொடங்கியது. ஒரு சாண் தூரம்கூட இல்லை.

"மெதுவா, பாப்பா. மெதுவா" என்றான் அண்ணன் பின்னாலிருந்து.

பக்கம் மாறியது. விரல் இறங்கியது. "சந்தோஷம்" என்றது பலகை.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. ஜட்ஜம்மா தலையை அசைத்து மறுக்கப் பார்த்தாள். தலை வழக்கம்போல ஆடியது. தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. பதறிப்போய் விரல் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஓடியது, அப்பா காட்டிய வழியில், இடது கீழ் மூலைக்கு.

"சரி."

இன்னும் அழுத்தித் தட்டினாள்.

"சரி. சரி. சரி."

எவ்வளவு வேகமாக மறுத்தாளோ அவ்வளவு வேகமாகச் சம்மதித்தாள். தன் மாரில் தொங்கிக்கொண்டு, தன் பெயரில், அந்த விமான நிலையத்துப் பெண் வாய் கூசாமல் சரி சரி என்று சொல்லிக்கொண்டே போனாள். ஜட்ஜம்மாவுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஐயோ, இவ்வளவு ஆசையா?" என்றாள் அதிகாரி. அவள் கண்ணும் கலங்கியது.

"சந்தோஷம் வந்தா இப்படித்தான் மேடம் சத்தம் போடுவா" என்றான் அண்ணன். அவன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதிகாரி முதல் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "இன்னொரு தடவை இவங்க வேலை பாக்கற இடத்துல கேக்கணும். குடும்பத்துல யாரும் கூட இருக்கக் கூடாது. மதியம் போயிட்டு வந்துடறேன்."

"அங்க ஒரே சத்தமா இருக்குமே மேடம். அதான் இங்கயே அத்தனை தடவை சொல்லிட்டாளே."

"விதி அப்படி சார்."

அண்ணன் அவளைச் சலவைக்கூட வாசலில் இறக்கிவிட்டபோது வழக்கத்துக்கு மாறாகத் தலையைத் தடவிக் கொடுத்தான். அவன் கை சில்லென்று இருந்தது.

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அதிகாரி வந்தாள். பன்னிரண்டு மெஷினும் உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஜட்ஜம்மாவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வேலையைப் பார்த்தாள். விரிப்பு வருகிறது, விளக்குக்கு நேரே போகிறது, ஒன்று நாலாக மடிகிறது, இன்னொன்று சிவப்பு க்ளிப்போடு இடப் பக்கம் போகிறது. பிறகு காதருகே குனிந்து காலையில் கேட்ட கேள்வியையே கத்திக் கேட்டாள்.

ஜட்ஜம்மாவின் விரல் மூலைக்குப் போயிற்று. ஒரு தடவை, இரண்டு தடவை. அதிகாரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து எதிர் மேஜையைப் பார்த்தாள்.

"வேண்டாம்ங்கறா!" என்று கத்தினாள் இஸ்திரிக்கா. "வேண்டாம்! வேண்டாம்! கண்ணு தெரியுதுல்ல, மூலையில தட்டறா பாருங்க!"

"காலைல சரின்னாங்களே!"

"அவளா? இருக்கவே இருக்காது! எட்டு வருஷமா அந்த மூலை—"

அப்போது ஒரு மணி அடித்தது. சாப்பாட்டு நேரம். பன்னிரண்டு மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கூடம் முழுக்க அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில் ஜட்ஜம்மா இன்னும் மூலையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றது பலகை. "சரி. சரி."

இஸ்திரிக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் நடந்து வந்து, எட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் திரையை எட்டிப் பார்த்தாள். கலர் கலராகப் பன்னிரண்டு கட்டம்.

"அடப்பாவி" என்றாள் மெல்ல. "வாயைக் கழட்டிட்டு வேற வாய மாட்டி விட்டிருக்கானே."

அவள் அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஒரு தாளைப் பிடுங்கி நாற்பத்தெட்டுக் கட்டம் போட்டுக் காட்டவும் போனாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டாள். ஆனால் தலையை அசைத்தாள்.

"நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா இது நீங்க போட்ட கட்டம், நீங்க சொல்ற அர்த்தம். நாளைக்கே ஒருத்தர் வந்து, இவங்க சரின்னு தட்டினாலும் வேண்டாம்னுதான் அர்த்தம்பாங்க. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எத்தனையோ பேரை ஏமாத்தியிருக்காங்க. இவங்க சொன்னதத்தான் நான் எழுத முடியும்."

அவள் பையிலிருந்து இரண்டாவது படிவத்தை எடுத்தாள். எழுத வெளிச்சமான இடம் தேடி, ஜட்ஜம்மாவின் மேஜையில், விளக்குக்குக் கீழே வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

ஜட்ஜம்மா அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தாள். அவள் மேஜையில் வெள்ளையாக ஒன்று வந்து கிடக்கிறது. இரண்டு கையாலும் இழுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். அவள் கை இதற்கு ஆறு வினாடி எடுத்துக்கொள்ளவில்லை, இது வேலை. இடது கை க்ளிப் டப்பாவுக்குள் போனது. ஓரத்தில் சிவப்பு க்ளிப் கவ்வியது. தாளை இடப் பக்கம் தள்ளினாள்.

அதிகாரி சிரித்துக்கொண்டு க்ளிப்பைக் கழற்றி அவளிடமே கொடுத்தாள். ஜட்ஜம்மா திரும்பப் போட்டாள். அதிகாரி கழற்றினாள், இந்தத் தடவை சிரிக்காமல். ஜட்ஜம்மா திரும்பப் போட்டாள்.

சாப்பிடப் போய்க்கொண்டிருந்த முதலாளி அந்தப் பக்கமாக வந்தார். விஷயம் என்னவென்று அவருக்கு ஒன்றும் தெரியாது.

"யாரோட பேப்பரும்மா அது?" என்றார். "சிவப்பு போட்டாச்சுன்னா வெளிய போகாதுங்க. அவ போட்டத நானே கழட்ட மாட்டேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இஸ்திரிக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசினால் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதிகாரி அந்தப் படிவத்தை க்ளிப்போடேயே பைக்குள் வைத்தாள். பிறகு இரண்டு வெள்ளைத் தாள் எடுத்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று இஸ்திரிக்காவை அனுப்பினாள். முதல் தாளை விளக்குக்குக் கீழே வைத்து நிதானமாகச் சொன்னாள். "இது, இல்லத்துக்குப் போறது." இரண்டாவதை வைத்தாள். "இது, இங்கயே வேலை பாத்துட்டு இந்த ஊர்ல இருக்கறது."

முதல் தாளுக்குச் சிவப்பு க்ளிப். இரண்டாவதை ஜட்ஜம்மா நாலாக மடித்து, ஓரம் சரிபார்த்து, வலப் பக்கம் வைத்தாள். அதிகாரி தாள்களை இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்டாள். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை ஜட்ஜம்மா அந்தத் தாளில் ஒன்றுக்கு மூன்றாக க்ளிப் போட்டாள்.

அதிகாரி காலையில் கையெழுத்துப் போட்ட படிவத்தைப் பையிலிருந்து எடுத்தாள். ஒரு க்ளிப்பை அவளே எடுத்து அதன் ஓரத்தில் போட்டாள்.

"அடுத்த வாரம் இன்னொரு அதிகாரியோட வரேன். அதுவரைக்கும் உங்களை எங்கயும் அனுப்ப முடியாது. உங்க பழைய கட்டத்தத் திரும்பப் போட்டு வைக்கச் சொல்லி அண்ணன்கிட்ட நான் பேசறேன்" என்றாள்.

பேசியும்விட்டாள் போலிருக்கிறது. சாயங்காலம் அண்ணன் வாசலில் வண்டியோடு நின்றபோது அவன் முகம் கல்லாக இருந்தது. வீட்டு முன்னறையில், கதவை ஒட்டி, அவளுடைய துணிகளெல்லாம் அடைத்த நீலப் பை காலையிலிருந்தே தயாராக நின்றது.

"யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?" என்றான் அண்ணன்.

அவள் கழுத்துப் பட்டையைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். முரட்டுத்தனமாக இல்லை, மிக மெதுவாக, நகத்தைக்கூட அழுத்தாமல். "பழசு திரும்ப வேணும்னா ரிப்பேருக்குத்தான் குடுக்கணும். ஒரு வாரம் ஆகும்" என்றான். பலகையைக் கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். சாவி அவன் சட்டைப்பைக்குள் போனது.

ஒரு வாரம். அதாவது அந்த இன்னொரு அதிகாரி வருகிற வரைக்கும்.

ஜட்ஜம்மா கொஞ்ச நேரம் வெறும் மாரைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு பாவாடைப் பைக்குள் கையை விட்டாள். இஸ்திரிக்கா கிளம்பும்போது இரண்டு பையிலும் கை கொள்ளாமல் அள்ளிப் போட்டிருந்தாள்.

முதல் க்ளிப் நீலப் பையின் கைப்பிடியில் கவ்வியது. அடுத்தது அலமாரியின் பிடியில். அண்ணி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை. ஜட்ஜம்மா தள்ளாடித் தள்ளாடி அண்ணனிடம் வந்தாள். அவன் சட்டைக் கையின் ஓரத்தில் ஒன்றைப் போட்டாள்.

அவன் அதைக் கழற்றித் தரையில் எறிந்தான். அவள் இன்னொன்றை எடுத்துப் போட்டாள். கழற்றினான். போட்டாள். நாலாவது தடவை அவன் கை க்ளிப்பில் வைத்தபடியே நின்றுவிட்டது.

"என்னதான் சொல்ற? உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டான்.

முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறான். பதில் சொல்லும் பலகை அலமாரிக்குள் இருந்தது, சாவி அவன் சட்டைப்பைக்குள் இருந்தது. ஜட்ஜம்மா கையை நீட்டி, சாவி இருந்த அந்தச் சட்டைப்பையின் விளிம்பில் அடுத்த க்ளிப்பைக் கவ்வவிட்டாள். பிறகு மறுபடியும் பாவாடைப் பைக்குள் கையை விட்டாள். உள்ளே இன்னும் நிறைய இருந்தன.